பழைய காரில் பிரேக் லைட் எரியவில்லை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் மாருதி 800, ஆம்னி, அம்பாசிடர், இண்டிகா, சான்ட்ரோ போன்ற பழைய வண்டிகளை இன்றும் பராமரித்து ஓட்டுபவர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட சந்தேகங்களை, அவர்கள் கேட்டபடியே, எளிதானவற்றில் தொடங்கி இங்கே தொகுத்திருக்கிறேன். நம் ஊர் ஆற்றங்கரைச் சாலைகளில் ஒதுங்க இடம் கிடையாது. சம்பா அறுவடை நேரத்தில் பாதிச் சாலையில் நெல் காய்கிறது. மார்கழி, தை மாதங்களில் விடியற்காலையில் பனி மூடிவிடுகிறது. முன்னால் போகும் வண்டி நிற்கப்போகிறது என்பதைப் பின்னால் வருபவருக்குத் தெரிவிக்க அந்தச் சிவப்பு விளக்கை விட்டால் வேறு வழியில்லை என்பதால், இதைச் சிறிய பழுது என்று தள்ளிப்போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பிரேக் லைட் எரியுதான்னு தனியா இருக்கும்போது எப்படிப் பார்க்கிறது?

இருட்டிய பிறகு, வண்டியின் பின்பக்கம் ஒரு சுவரைப் பார்த்து இருக்கும்படி, மூன்று நான்கு அடி தள்ளி நிறுத்துங்கள். பிரேக்கை மிதித்தால் சுவரில் விழும் சிவப்பு வெளிச்சம் உள்கண்ணாடியிலும் பக்கக் கண்ணாடிகளிலும் தெரியும். சுவர் இல்லாத இடத்தில், பிரேக் மிதி (பெடல்), ஓட்டுநர் இருக்கை ஆகிய இரண்டுக்கும் நடுவே ஒரு கட்டையை முட்டுக்கொடுத்துவிட்டு இறங்கிப் போய்ப் பார்க்கலாம்.

இடது, வலது, பின் கண்ணாடிக்கு மேலுள்ள மூன்றாவது விளக்கு ஆகியவற்றைத் தனித்தனியே பாருங்கள். பிறகு பார்க்கிங் லைட்டைப் போட்டுவிட்டு மீண்டும் மிதித்துப் பாருங்கள். வெளிச்சம் தெளிவாகக் கூட வேண்டும். கூடவில்லை என்றாலோ குறைந்தாலோ அதுவும் பழுதுதான். காரணம் பின்னால் வருகிறது.

டேஷ்போர்டுல பிரேக் விளக்கு எதுவும் வரலையே, அப்போ பின்னாடி எல்லாம் சரியா இருக்குன்னுதானே அர்த்தம்?

இல்லை. டேஷ்போர்டில் உள்ள சிவப்பு விளக்கு, ஹேண்ட் பிரேக் இழுத்திருப்பதையும், பல வண்டிகளில் பிரேக் ஆயில் குறைந்திருப்பதையும் மட்டுமே காட்டும். பின்னால் ஒரு பல்பு போனதைப் பழைய வண்டிகள் பொதுவாக ஓட்டுநருக்குச் சொல்வதில்லை. ஹேண்ட் பிரேக் இழுத்தாலும், கியரைக் குறைத்து வேகத்தைத் தணித்தாலும் பிரேக் லைட் எரியாது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மின்சாரம் எந்த வழியா போகுதுன்னு சொன்னா நானே பார்த்துக்குவேன். சொல்ல முடியுமா?

பேட்டரியிலிருந்து புறப்படும் மின்சாரம் ஃபியூஸ் வழியாகப் பிரேக் மிதியின் மேலே உள்ள சுவிட்சுக்கு வருகிறது. மிதியை அழுத்தியதும் சுவிட்ச் இணைப்பைக் கொடுக்க, அங்கிருந்து ஒரு வயர் பின்பக்கம் வரை சென்று இடது, வலது என்று பிரிகிறது. பல்பைக் கடந்த மின்சாரம் எர்த் வயர் வழியாக வண்டியின் இரும்பு உடலுக்கு இறங்கி, பேட்டரியின் நெகட்டிவ் முனைக்குத் திரும்புகிறது. இந்தச் சுற்று எங்கே அறுந்தாலும் விளக்கு எரியாது. ஆகவே எந்தப் பொருளையும் வாங்குவதற்கு முன்பு, மின்சாரம் எதுவரை வருகிறது, எங்கே நின்றுவிடுகிறது என்று தேடுவதுதான் முறை.

இதற்கு ஒரு டெஸ்ட் லாம்ப் போதும். 12 வோல்ட் பல்பு ஒன்றில் இரண்டு நீள வயர்களைப் பற்றவைத்து, ஒன்றின் முனையில் கிளிப்பும் மற்றொன்றில் கூர்முனையும் வைத்தால் அதுவே டெஸ்ட் லாம்ப். கிளிப்பைப் பெயின்ட் இல்லாத இரும்பில் மாட்டிவிட்டு, கூர்முனையால் ஒவ்வொரு இடமாகத் தொட்டுக்கொண்டு வர வேண்டும்.

ஒரு பக்கம் எரியுது, ஒரு பக்கம் எரியல. எங்கே ஆரம்பிக்கணும்?

ஒரு பக்கம் எரிவதால் ஃபியூஸும் சுவிட்சும் நன்றாக இருப்பது உறுதியாகிவிடுகிறது. எரியாத பக்கத்துப் பல்பையும் எரியும் பக்கத்துப் பல்பையும் இடம் மாற்றிப் போடுங்கள். பழுது பல்போடு சேர்ந்து அந்தப் பக்கம் போனால் பல்பு போய்விட்டது. பழைய இடத்திலேயே நின்றால் பல்பு பொருந்தும் ஹோல்டர், எர்த், அந்தப் பக்கத்து வயர் ஆகிய மூன்றில் ஒன்று.

பல வண்டிகளில் டெயில் லைட்டும் பிரேக் லைட்டும் ஒரே பல்புதான். அதற்குள் இரண்டு இழைகள் உண்டு. 5 வாட் இழை டெயில் லைட்டுக்கு, 21 வாட் இழை பிரேக்குக்கு. ஆகவே டெயில் லைட் எரிகிறது என்பதை வைத்துப் பல்பு நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்துவிடக் கூடாது.

புது பல்பு போட்டும் எரியல. கடைக்காரர் தப்பான பல்பு கொடுத்துட்டாரா?

அதற்கும் வாய்ப்பு உண்டு. இரண்டு இழை உள்ள பல்பின் அடியில் இரண்டு ஈயப் புள்ளிகள் இருக்கும். பக்கவாட்டிலுள்ள இரண்டு முளைகள் ஒன்று மேலும் ஒன்று கீழுமாக, உயரம் மாறி அமைந்திருக்கும். அதனால் அது ஹோல்டரில் ஒரே ஒரு விதமாகத்தான் உட்காரும். ஒற்றை இழைப் பல்பில் ஒரு புள்ளிதான். முளைகள் ஒரே உயரத்தில் இருக்கும். தேய்ந்த ஹோல்டரில் ஒற்றை இழைப் பல்பை அழுத்திப் போட்டுவிட்டால், அந்த ஒரு புள்ளி இரண்டு முனைகளையும் சேர்த்துவிடும். பிறகு பிரேக்கை மிதித்தால் முன்பக்கப் பார்க்கிங் லைட்டும் டேஷ்போர்டு விளக்கும் எரிகின்றன என்று கவலையோடு வருவார்கள். சரியான பல்பைப் போட்டாலே அது தீர்ந்துவிடும்.

பல்பு சரியானதுதான் என்றால் ஹோல்டருக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். நம் பகுதியில் பெரும்பாலும் அங்கே பித்தளையின் மேல் பச்சையாகக் களிம்பு ஏறியிருக்கும். அடியிலுள்ள ஸ்பிரிங் துருப்பிடித்து, பல்பைத் தள்ளிப் பிடிக்கும் வலுவை இழந்திருக்கும். ஃபியூஸைக் கழற்றிவிட்டு, மெல்லிய உப்புத்தாளைக் குச்சியில் சுற்றி உள்ளே தேய்த்து, உலோகம் மஞ்சளாகத் தெரியும்வரை சுத்தம் செய்யுங்கள். ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் ஹோல்டரையே மாற்றுவது நல்லது.

ரெண்டு பக்கமும் ஒண்ணா போயிடுச்சு. ஃபியூஸ்தானே?

முதலில் ஃபியூஸைப் பார்ப்பது சரியே. சில வண்டிகளில் ஹாரனுக்கும் பிரேக் லைட்டுக்கும் ஒரே ஃபியூஸ் என்பதால், ஹாரனும் அடிக்கவில்லை என்றால் சந்தேகமே வேண்டாம். ஃபியூஸைக் கண்ணால் பார்ப்பதோடு நிறுத்தாமல், அதன் இரண்டு முனைகளிலும் டெஸ்ட் லாம்பால் தொட்டுப் பாருங்கள். ஒரு முனையில் எரிந்து மறுமுனையில் எரியாவிட்டால் ஃபியூஸ் போய்விட்டது. பிரேக் லைட் பெரும்பாலான பழைய வண்டிகளில் சாவி போடாமலேயே எரியும். சிலவற்றில் சாவி போட வேண்டும். ஆகவே சாவியைப் போட்டுவைத்துச் சோதிப்பது பாதுகாப்பானது.

மூன்றாவது விளக்கு உள்ள வண்டியில் அதுவே நல்ல சாட்சி. அது எரிந்து கீழே உள்ள இரண்டும் எரியாவிட்டால், ஃபியூஸிலும் சுவிட்சிலும் குறையில்லை, பழுது பின்பக்கத்தில்தான். இரண்டு பல்புகளும் போயிருப்பதும் அரிதன்று. முதல் பல்பு என்றோ போயிருக்கும். யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். இரண்டாவதும் போன அன்றுதான் யாராவது பின்னாலிருந்து சொல்வார்கள்.

பிரேக் சுவிட்ச் போயிடுச்சுங்கிறார் எலக்ட்ரீஷியன். மாத்தறதுக்கு முன்னாடி எப்படி உறுதி பண்றது?

மிதியின் மேல்பகுதியில் சுவிட்சிலிருந்து கப்ளரை, அதாவது வயர்களை இணைக்கும் பிளாஸ்டிக் செருகியை, கழற்றுங்கள். அதில் இரண்டு வயர்கள் மட்டுமே இருந்தால், கப்ளருக்குள் உள்ள இரண்டு முனைகளையும் ஒரு துண்டு வயரால் இணைத்துப் பாருங்கள். பிரேக் லைட் எரிந்தால் சுவிட்சில்தான் குறை. எரியாவிட்டால் சுவிட்ச் குற்றமற்றது. புதியதை வாங்க வேண்டாம். நான்கு வயர்கள் உள்ள சுவிட்ச் என்றால் இப்படி இணைக்கக் கூடாது. சில வயர்கள் வேறு வேலைக்குப் போகின்றன. அங்கே வோல்ட்டை அளக்கும் மல்டிமீட்டரால் அளந்து பார்ப்பதே சரி.

சுவிட்ச் கெடாமல், அதன் இடம் மட்டும் மாறியிருக்கவும் கூடும். மிதி ஓய்வாக இருக்கும்போது சுவிட்சின் முளையை அது உள்ளே தள்ளிப் பிடித்திருக்கும். மிதித்ததும் முளை வெளியே வந்து இணைப்பு கிடைக்கும். சுவிட்சை இடத்தில் பிடித்திருக்கும் லாக் நட்டைத் தளர்த்தி, மிதி சிறிது அசைந்ததுமே, பிரேக் பிடிக்கத் தொடங்குவதற்கு முன்பே விளக்கு எரியும்படி வைத்து இறுக்க வேண்டும். ஓர் எச்சரிக்கை: சுவிட்சை அளவுக்கு மீறி மிதியின் பக்கம் திருகிவிட்டால், மிதி முழுவதும் மேலே திரும்ப முடியாமல் போகும், பிரேக் விடாமல் உரசிக்கொண்டே இருந்து சக்கரம் சூடேறும். திருகிய பிறகு மிதியில் சிறிது தளர்வு (ஃப்ரீ பிளே) இருக்கிறதா என்று கையால் அசைத்துப் பாருங்கள்.

அம்பாசிடர்ல மிதி பக்கத்துல சுவிட்சே காணோமே?

அம்பாசிடர் போன்ற பழைய வண்டிகளில் பிரேக் ஆயில் செல்லும் பாதையிலேயே, ஆயிலின் அழுத்தத்தால் இயங்கும் சுவிட்சைக் காணலாம். அழுத்தி மிதித்தால் மட்டும் எரிகிறது, மெதுவாக மிதித்தால் எரியவில்லை என்றால் சுவிட்ச் தளர்ந்துவிட்டது அல்லது லைனில் காற்று இருக்கிறது. சுவிட்சைச் சுற்றி ஈரம் தெரிந்தால் அது பிரேக் ஆயில் கசிவு. அந்த வண்டியைச் சரி செய்யாமல் ஓட்டவே கூடாது. இந்தச் சுவிட்சை மாற்றினால் லைனிலிருந்து காற்றை வெளியேற்ற வேண்டியிருக்கும் என்பதால், பழக்கமில்லாதவர்கள் மெக்கானிக்கிடம் விட்டுவிடுவது நல்லது.

பிரேக் மிதிச்சா டெயில் லைட் மங்குது, இண்டிகேட்டரும் லேசா எரியுது. பேய் பிடிச்ச மாதிரி இருக்கு. என்ன இது?

இது எர்த் பழுது. காவிரிக் கரை வண்டிகளில் நான் அதிகம் பார்ப்பது இதைத்தான்; ஆனால் கடைசியாகத் தேடப்படுவதும் இதுவே. பின் விளக்குத் தொகுதியிலுள்ள பல்புகள் பெரும்பாலும் ஒரே எர்த்தைப் பகிர்ந்துகொள்கின்றன. அந்த எர்த் துருப்பிடித்தால், பிரேக் இழையில் வந்த மின்சாரம் நேர்வழியில் திரும்ப முடியாமல், டெயில் லைட் இழை வழியாகவோ இண்டிகேட்டர் பல்பு வழியாகவோ திரும்பிப் போகப் பார்க்கிறது. வடிகால் அடைபட்ட வயலின் நீர் வரப்பை உடைத்துக்கொண்டு அடுத்த வயலில் பாய்வதைப் போன்றது அது. தொடர்பில்லாத விளக்குகள் மங்கலாக எரிவது இதனால்தான்.

உறுதி செய்வது எளிது. நீளமான ஒரு வயரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவில் மாட்டி, மறுமுனையை ஹோல்டரின் வெளி உலோகத்திலோ எர்த் வயர் சேருமிடத்திலோ வைத்துக்கொண்டு, ஒருவரைப் பிரேக் மிதிக்கச் சொல்லுங்கள். விளக்கு பளிச்சென்று எரிந்தால் வேறெதையும் தேட வேண்டியதில்லை. டிக்கிக்குள் பக்கவாட்டு அட்டையை நீக்கினால், எர்த் வயர் வண்டி உடலில் ஒரு ஸ்குரூவால் பிடிக்கப்பட்டிருக்கும் இடம் தெரியும். ஸ்குரூவைக் கழற்றி, வளையத்தையும் அதன் கீழுள்ள இரும்பையும் பளபளக்கும்வரை தேய்த்து, பல் உள்ள வாஷர் வைத்து இறுக்குங்கள். பெயின்ட்டின் மேல் இறுக்கினால் பயனில்லை. வண்டிக்கு டிங்கரிங், பெயின்ட்டிங் செய்தபின் இந்தப் பழுது வருவதற்குக் காரணமும் அதுவே.

நாங்க வேதாரண்யம் பக்கம். சரி பண்ணின எர்த் ஒரு மழைக்காலம் தாண்ட மாட்டேங்குது.

கடல் உப்பும் ஐப்பசி, கார்த்திகை மழையும் சேருமிடத்தில் அப்படித்தான் ஆகும். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபோது நனைந்த வண்டிகளைப் போல, ஒருமுறை உப்பு நீர் புகுந்த கப்ளர், வெளியே உலர்ந்தாலும் உள்ளே அரித்துக்கொண்டே இருக்கும். சுத்தம் செய்து இறுக்கிய பிறகு, இணைப்பின் மேல் வாசலின் அல்லது கிரீஸ் பூசிக் காற்றும் ஈரமும் படாமல் மூடுங்கள்.

நீர் எப்படி உள்ளே வருகிறது என்பதையும் கவனியுங்கள். விளக்குக் கண்ணாடியின் உட்புறம் ஆவி படிந்திருந்தால், அதன் பின்னாலுள்ள ரப்பர் கேஸ்கெட் காய்ந்து வெடித்திருக்கும். அதை மாற்றாமல் எர்த்தை மட்டும் தேய்த்துக்கொண்டிருந்தால் வேலை தீராது.

பிரேக் லைட் அணையவே மாட்டேங்குது. காலையில பேட்டரி டவுன்.

21 வாட் பல்பு ஒன்று ஏறத்தாழ 1.75 ஆம்பியர் இழுக்கும், இரண்டுக்கும் 3.5 ஆம்பியர். சிறிய காரின் 35 ஆம்பியர்-மணி பேட்டரி பத்து மணி நேரத்தில் காலியாகிவிடும் என்பதால், ஓர் இரவு போதும்.

பல வண்டிகளில் சுவிட்சின் முளை மிதியின் மேல் உள்ள ஒரு சிறு ரப்பர் அல்லது பிளாஸ்டிக் குமிழில் முட்டி நிற்கும். வயதாகிக் காய்ந்ததும் அந்தக் குமிழ் நொறுங்கிவிடும். முளை அந்த ஓட்டைக்குள் புகுந்து வெளியே வந்துவிடுவதால், மிதிக்காமலேயே விளக்கு எரியும். ஓட்டுநர் கால் வைக்கும் தரை விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். அதன் மேல் உதிர்ந்த பிளாஸ்டிக் துணுக்குகள் கிடந்தால் காரணம் கிடைத்துவிட்டது. அந்தக் குமிழின் விலை மிகக் குறைவு. கிடைக்கும்வரை பொருத்தமான போல்ட், நட்டால் ஓட்டையை அடைத்து ஓட்டலாம். குமிழ் நன்றாக இருந்தால், மேலே சுவிட்ச் பற்றிச் சொன்னபடி அதன் இடத்தைச் சரிபாருங்கள்.

ஃபியூஸ் போட்டுப் போட்டுப் போகுது. பெரிய ஃபியூஸ் போட்டா நிக்குமா?

ஃபியூஸ் நிற்கும், வயர் எரியும். பெட்டியின் மூடியில் போட்டிருக்கும் ஆம்பியருக்கு மேல் ஒருபோதும் போடாதீர்கள். சிகரெட் அட்டையின் வெள்ளித்தாளைச் சுற்றுவதும் செம்புக் கம்பியை முறுக்கி வைப்பதும் வண்டிக்கே தீ வைப்பதற்குச் சமம். ஃபியூஸ் போகிறது என்றால் எங்கோ வயர் இரும்பைத் தொடுகிறது. அந்த இடத்தைக் கண்டுபிடிப்பதே வேலை.

மிதிக்காமல் ஃபியூஸைச் செருகியதுமே போனால், ஃபியூஸுக்கும் சுவிட்சுக்கும் நடுவிலோ அதே ஃபியூஸிலுள்ள ஹாரன் முதலியவற்றிலோ தொடுகிறது. மிதிக்கும்போது மட்டும் போனால், சுவிட்சுக்குப் பின்னால். பள்ளத்தில் ஏறி இறங்கும்போதோ டிக்கியைத் திறந்து மூடும்போதோ போனால், டிக்கிக் கதவின் கீல் அருகே மடிந்து மடிந்து தோல் உரிந்த வயர்களைப் பாருங்கள்.

ஒவ்வொரு முறையும் ஒரு ஃபியூஸைப் பலி கொடுக்க வேண்டியதில்லை. பிரேக் பல்புகள் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, ஃபியூஸ் இருக்கும் இடத்தில் ஒரு 21 வாட் பல்பை வயர் வைத்து இணைத்து, மிதியைக் கட்டையால் முட்டுக்கொடுத்து வையுங்கள். எங்கோ தொட்டுக்கொண்டிருந்தால் அந்தப் பல்பு முழு வெளிச்சத்துடன் எரியும். இனி முன்னிருந்து பின்னாக வயரைச் சிறிது சிறிதாக அசைத்து வாருங்கள். எந்த இடத்தைத் தொடும்போது பல்பு அணைகிறதோ அங்கேதான் பழுது.

வைக்கோல் போர் பக்கத்துல நிறுத்தினேன், எலி வயரைக் கடிச்சுட்டுது. டேப் சுத்தினா போதாதா?

அறுவடைக்குப் பிறகு இது அதிகம். வெறுமனே முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு, ஈரம் ஏறிக் களிம்பு பிடித்துச் சில மாதங்களில் உங்களை முந்தைய கேள்விகளுக்கே கொண்டு வந்துவிடும். அதே கனமுள்ள வயரை வைத்துப் பற்றவைத்து, மேலே சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போட்டு மூடச் சொல்லுங்கள். ஒரு கடி கண்ணில் பட்டால், வயர் செல்லும் பாதை முழுவதையும் பார்த்துவிடுங்கள். எலி ஒரே இடத்தோடு விடுவதில்லை.

எல்.இ.டி பல்பு போட்டா இந்தத் தொல்லையெல்லாம் தீருமா?

தீராது, சில நேரம் பழுதை மறைத்துவிடும். எல்.இ.டி மிகக் குறைந்த மின்சாரத்திலேயே எரிவதால், கெட்ட எர்த்திலும் எரிவதுபோல் காட்டும். விலை மலிந்தவற்றில் டெயில் லைட் வெளிச்சத்துக்கும் பிரேக் வெளிச்சத்துக்கும் வேறுபாடு குறைவு. பின்னால் வருபவருக்குத் தேவையே அந்த வேறுபாடுதான். என் கருத்து, பழைய வண்டிக்கு அதற்குரிய 21/5 வாட் பல்பே போதும்.

ரினியூவலுக்கு ஆர்.டி.ஓ ஆபீஸ் போகணும். பிரேக் லைட்டைப் பார்ப்பாங்களா?

தனியார் காரின் பதிவு 15 ஆண்டுகள் செல்லும். அதன் பின் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை வண்டியை ஆய்வுக்குக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். எல்லா விளக்குகளும் எரியும் நிலையிலேயே கொண்டு செல்லுங்கள். அன்று காலை ஒருமுறை சுவர்ச் சோதனை செய்துவிட்டுப் புறப்படுவது நல்லது.

மாசத்துக்கு ஒரு பல்பு போகுது. மட்டமான பல்பா?

ஒரே பக்கம் போனால் ஹோல்டர் தளர்ந்து பல்பு அதிர்கிறது, அல்லது நீர்த்துளி சூடான கண்ணாடியில் விழுந்து வெடிக்கிறது. இரண்டு பக்கமும், ஹெட்லைட்டும் சேர்ந்து அடிக்கடி போனால், எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனைகளில் வோல்ட்டை அளக்கச் சொல்லுங்கள். சுமார் 13.8 முதல் 14.5 வரை இருக்கலாம். 15-ஐத் தாண்டினால் ஆல்டர்னேட்டரின் ரெகுலேட்டரைப் பார்க்க வேண்டும்.

மீட்டர்ல 12 வோல்ட் காட்டுது, பல்பும் நல்ல பல்பு, ஆனா எரியல. இது எப்படி?

பல்பைக் கழற்றிவிட்டு ஹோல்டரில் அளந்திருப்பீர்கள். மின்சாரம் ஓடாதபோது, நூலிழை அளவுக்கு ஒட்டிக்கொண்டிருக்கும் வயரும் முழு 12 வோல்ட்டைக் காட்டும், பல்பு 1.75 ஆம்பியர் கேட்கும்போதுதான் அதன் பலவீனம் தெரியும். மீட்டரை விட டெஸ்ட் லாம்பை நான் வலியுறுத்துவது இதனால்தான். அது தானே மின்சாரத்தை இழுத்துப் பார்க்கிறது.

மீட்டர்தான் இருக்கிறது என்றால், பல்பை மாட்டி, பிரேக்கை மிதித்தபடியே அளக்க வேண்டும். பேட்டரி நெகட்டிவுக்கும் பல்பின் உலோக உடலுக்கும் நடுவே ஏறத்தாழ பூஜ்யம் வர வேண்டும். ஒரு வோல்ட்டுக்கு மேல் வந்தால் எர்த் கெட்டிருக்கிறது. அதேபோல் பேட்டரி பாசிட்டிவுக்கும் பல்பின் முனைக்கும் நடுவே அரை வோல்ட் அளவில் வருவதைப் பொறுத்துக்கொள்ளலாம். மிகவும் கூடினால் சுவிட்ச், கப்ளர், ஃபியூஸ் பிடிப்பான் என்று ஒவ்வொன்றின் இரு பக்கமும் அளந்து, இழப்பு எங்கே ஏற்படுகிறது என்று பிடித்துவிடலாம்.

பட்டறைக்குக் கொண்டு போனா எரியுது, வீட்டுக்கு வந்தா எரியல. இதை எப்படித்தான் பிடிக்கிறது?

எப்போது எரியவில்லை என்பதைச் சில நாட்கள் குறித்து வையுங்கள். மழைக்குப் பிறகா, நீண்ட நேரம் ஓடிய பிறகா, பின்னிருக்கையில் ஆள் ஏறிய பிறகா? மழைக்குப் பிறகென்றால் ஹோல்டர், எர்த், விளக்கு கேஸ்கெட். நெடுநேரம் பிரேக் மிதித்தபின் என்றால், சுவிட்சின் உள்முனைகள் கருகிச் சூட்டில் விலகுகின்றன. அத்தகைய சுவிட்ச் ஆறியதும் நல்லதைப் போல் நடிக்கும். ஆள் ஏறினால் என்றால், இருக்கைக்குக் கீழே, கதவோரத் தகட்டை ஒட்டிச் செல்லும் வயர் நசுங்கியிருக்கும்.

மிதியை முட்டுக்கொடுத்து விளக்கை எரியவிட்டு, கைப்பேசியில் வீடியோ எடுக்க வைத்துவிட்டு, கப்ளர்களையும் வயர்க் கட்டுகளையும் ஒவ்வொன்றாக அசைத்து, எதை அசைக்கிறீர்கள் என்று உரக்கச் சொல்லிக்கொண்டே வாருங்கள். பிறகு வீடியோவைப் பார்த்தால் எந்தச் சொல்லின்போது விளக்கு துடித்தது என்று தெரிந்துவிடும். அந்த வீடியோவையே எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள். அதுவரை இரவில் வண்டியை எடுக்க வேண்டாம். பகலில் எடுத்தே ஆக வேண்டும் என்றால், வேகத்தைக் குறைக்கும் முன் வலக்கையை வெளியே நீட்டி, உள்ளங்கை கீழே பார்க்கும்படி மேலும் கீழுமாக அசைத்துக் காட்டுங்கள்.